சாவடியை விட்டுக்கொடுத்த ஊர்கள்

சென்னையிலிருந்து வடக்கே கல்கத்தாவுக்குப் போகும் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் ஆரம்பாக்கம். அதைக் கடந்தால் ஆந்திராவின் தடா. இன்னும் சற்று வடக்கே, கலங்கி ஆற்றங்கரையில் சூளூர்பேட்டை. இந்தச் சிறு தொலைவுக்குள் ஒரு லிட்டர் டீசலின் விலை சுமார் நான்கு ரூபாய் ஏறிவிடுகிறது. எண்ணெய் வருவது அதே கம்பெனிகளிடமிருந்து; ஒன்றிய அரசின் கலால் வரியும் இருபுறமும் ஒன்றே. ஏற்றத்துக்குப் பெரும் காரணம் மாநில வரி. தமிழ்நாடு டீசலுக்கு 11 சதவீதமும், அதன்மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும் வாங்குகிறது. ஆந்திரா வாங்குவது 22.25 சதவீதம், லிட்டருக்கு 4 ரூபாய், அதற்கும் மேலே சாலை மேம்பாட்டுக்கென்று 1 ரூபாய் செஸ். வெளியூர் லாரிக்காரர் எல்லைக்குத் தெற்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டு போய்விடலாம். சூளூர்பேட்டை நகராட்சியின் குப்பை டிராக்டருக்கு அந்த வழி கிடையாது. இன்டென்ட் சீட்டை உள்ளூர் பங்க்கில் கொடுத்து, போட்ட லிட்டரை லாக்புக்கில் எழுதி வைப்பதுதான் நகராட்சி வண்டிகளின் நடைமுறை. பங்க்காரரின் பில் பிறகு நகராட்சிப் பணத்திலிருந்து கழியும். அந்த பில்லுக்குள் மாநில வரி முழுசாக இருக்கிறது. ஊர்க் குப்பையை அள்ளும் அரசு, தனக்கு மேலே இருக்கும் அரசுக்கு, லாரி முதலாளி கட்டும் அதே வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இது ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. பொதுவேலையைத் தலையில் எடுத்துக்கொண்டவருக்கு வரியைத் தள்ளிக்கொடுப்பது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். வெள்ளைக்காரர் ஆட்சியில் அது தேய்ந்தது. சாலையில் வசூலிக்கும் உரிமை 1931இல் உள்ளாட்சிகளின் கையைவிட்டு மாகாணத்துக்குப் போனது. அதே சாலையில் ஓடும் வண்டிகளின் பெட்ரோலுக்கு 1939இல் மாகாணம் வரி போட்டது. இவற்றைச் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும், உள்ளாட்சி வாகனங்களுக்கு மாநில எரிபொருள் வரியில் விலக்கு கேட்பது பிச்சை கேட்பதாகத் தோன்றாது. கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பப் பெறாத ஒன்றின் பாக்கி அது.

பழைய வழக்கத்திலிருந்து தொடங்கலாம். நெல்லூர், கடப்பை, சித்தூர்ப் பகுதிகளில் தசபந்தம் என்றொரு இனாம் முறை இருந்தது. ஒருவர் தம் செலவில் ஏரி வெட்டினாலோ, உடைந்த ஏரியைச் செப்பனிட்டாலோ, அதன் பாசனத்தில் ஒரு பங்கு நிலம் அவருக்கு வரியில்லாமலோ குறைந்த தீர்வையிலோ விடப்படும். ஏரியைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. தெற்கே பல்லவர், சோழர் கல்வெட்டுகளில் வரும் ஏரிப்பட்டியும் இதே நோக்கம் கொண்டதுதான். அந்த நிலத்தின் விளைச்சல் ஏரி மராமத்துக்குப் போகும். அரசனுடைய கணக்கில் இது இழப்பாகத் தெரியலாம். ஆனால் ஏரி நிறைந்தால்தான் மற்ற நிலங்களின் தீர்வை வரும் என்பது அரசனுக்கும் தெரியும். மராமத்துக்கான பணத்தை வரியாக வாங்கி, கஜானாவில் சேர்த்து, அங்கிருந்து மானியமாக ஊருக்குத் திருப்பி அனுப்புகிற சுற்றுவழியை அவர்கள் தவிர்த்தார்கள். பணம் வேலை நடக்கிற இடத்திலேயே நின்றது. 1858இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன் இத்தகைய மானியங்களையெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்துப் பட்டியலிட்டது. தசபந்தக்காரர்கள் பலர் ஏரியைக் கவனிக்காமல் நிலத்தை மட்டும் அனுபவித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. நிபந்தனையைக் கண்காணிக்க ஆளில்லாதபோது விலக்கு வெறும் சொத்தாகிவிடும். இந்தப் பாடம் இன்றைய வாதத்துக்கும் வேண்டும் என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஏரிக்கு இனாம் இருந்ததுபோல் சாலைக்குச் சுங்கச் சாவடி இருந்தது. 1871ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் நிதிச் சட்டமும், பிறகு 1884ஆம் ஆண்டின் உள்ளூர் போர்டுகள் சட்டமும் சாலை, சத்திரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளின் பொறுப்பில் விட்டன. செலவுக்கு இரண்டு பெரிய வழிகள். ஒன்று, நிலத்தீர்வையில் ரூபாய்க்கு ஓரணா என்ற நிலவரி செஸ். மற்றொன்று சாலைச் சுங்கம். பம்பாய் மாகாணத்திலும் வடக்கிலும் நகரங்களுக்கு ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி பெரிய வருமானமாக இருந்தது. சென்னை மாகாண ஊர்களுக்கு அது கிடையாது என்பதால் சாவடிப் பணத்தின் அருமை இங்கே அதிகம். சூளூர்பேட்டை வழியாகச் சென்ற பெரிய வடக்குச் சாலையில் நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய மாட்டுவண்டிகள் சென்னைக்குப் போயின. கிழக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாயில் படகுகள் போயின. சாவடியை போர்டு தானே நடத்தாமல் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் குறுக்குக் கட்டையைப் போட்டு, ஒற்றை மாட்டு வண்டிக்கு இவ்வளவு, இரட்டை மாட்டு வண்டிக்கு இவ்வளவு, பாரம் இருந்தால் இவ்வளவு என்று கட்டணப் பலகையின்படி வசூலிப்பார். குத்தகைக்காரரின் கெடுபிடி பற்றி வண்டிக்காரர்களுக்கு ஓயாத மனக்குறை உண்டு. சுங்கம் என்றாலே தமிழருக்குப் பிடிக்காது. அதை நீக்கிய குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பட்டம் கட்டி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருந்தாலும் அந்தக் கட்டையில் விழுந்த அணாக்கள் அந்தச் சாலையின் கப்பிக்கும் கிராவலுக்கும் போயின. வசூலித்த கையும் சாலை போட்ட கையும் ஒரே போர்டுக்குச் சொந்தம்.

மோட்டார் வண்டி வந்ததும் இந்த ஏற்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. பஸ் ஒவ்வொரு சாவடியிலும் நின்று காசு கொடுத்துக்கொண்டிருந்தால் மாட்டுவண்டியோடு போட்டி போட முடியாது. 1927இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் அமைந்த இந்தியச் சாலை வளர்ச்சிக் குழு, சாலைச் செலவுக்குப் பெட்ரோல் தீர்வையையும் வாகன வரியையும் நாட வேண்டும் என்றது. அதன் விளைவாக 1929இல் பெட்ரோல் தீர்வை காலனுக்கு 4 அணாவிலிருந்து 6 அணாவாக உயர்ந்தது. கூடுதலான 2 அணாவில் மத்திய சாலை நிதி பிறந்தது. எரிபொருள் வரிக்கும் சாலைக்கும் இந்தியாவில் முடிச்சுப் போட்டது அந்த 2 அணாதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதே முடிச்சை 1919இலேயே போட்டிருந்தது. சென்னை மாகாணம் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தது. சாவடிகள் நீங்கின. வாகன வரியை மாகாணம் ஒரே இடத்தில் வசூலிக்கும், உள்ளாட்சிகளுக்கு அவை இழந்ததற்கு நஷ்டஈடு தரும் என்பது ஒப்பந்தம். போக்குவரத்துக்கு இது நல்ல சீர்திருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டைகள் இல்லாத சாலையால் நெல்லூருக்கும் சென்னைக்கும் ஒருங்கே லாபம். ஆனால் ஒப்பந்தத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். நஷ்டஈடு பழைய வசூலைப் பார்த்துக் கணக்கிடப்பட்டது. வரியோ வருங்கால வாகனங்களைப் பார்த்துப் போடப்பட்டது. மோட்டார் பெருகப் பெருக மாகாணத்தின் பங்கு வளர்ந்தது. சாலையைத் தேய்க்கும் சக்கரங்களும் அதே அளவுக்குப் பெருகின, அந்தச் செலவு ஊர்க்காரருக்கு வந்தது. வளர்ச்சியில் பங்கில்லாத நஷ்டஈடு சில வருஷங்களில் பெயரளவுக்கு ஆகிவிடும்.

அடுத்த திருப்பம் மதுவிலக்கிலிருந்து வந்தது, அதில் சித்தூருக்கு நேரடிப் பங்கு உண்டு. ராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938 அக்டோபர் 1 அன்று சித்தூருக்கும் கடப்பைக்கும் நீட்டியது. கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போனதும் கஜானாவில் விழுந்த பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்புவது? விற்பனை வரியைக்கொண்டு. அந்தச் சமயம் மத்திய மாகாணமும் பெராரும் பெட்ரோல் சில்லறை விற்பனைக்கு 5 சதவீத வரி போட்டிருந்தன. கலால் எங்கள் அதிகாரம், மாகாணம் இதில் கைவைக்கக் கூடாது என்றது இந்திய அரசு. புதிதாக அமைந்த ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்த முதல் விவகாரமே இதுதான். தலைமை நீதிபதி மாரிஸ் க்வயர் தலைமையிலான நீதிமன்றம், சில்லறை விற்பனையில் விழும் வரி மாகாணத்துக்கே உரியது என்று 1938 டிசம்பரில் சொன்னது. வழி திறந்தது. 1939இல் சென்னை மாகாணம் மோட்டார் ஸ்பிரிட் விற்பனை வரிச் சட்டத்தையும், அதே ஆண்டில் பொது விற்பனை வரிச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஆக, சென்னை மாகாணத்தில் பெட்ரோல் மீதான விற்பனை வரி பிறந்தது சாலைக்காக அல்ல. கள்ளுக்கடையை மூடிய செலவுக்காக. நோக்கம் உயர்ந்தது. அதற்கான விலையில் ஒரு பங்கை மட்டும், சாவடியை எட்டு வருஷம் முன்பு விட்டுக்கொடுத்த ஜில்லா போர்டுகள், தங்கள் வண்டிகளுக்குப் பெட்ரோல் போட்டபோதெல்லாம் சத்தமில்லாமல் கட்டின. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது சென்னைச் சட்டங்கள் கூடவே போயின. 2005இல் மதிப்புக் கூட்டு வரி வந்தபோதும் எரிபொருள் தனி விகிதத்தோடு தொடர்ந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தும் பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே மாநிலங்களின் கையில் நிற்கின்றன.

இதற்கிடையில் அரசியல் சாசனம் ஓர் அரசு இன்னோர் அரசுக்கு வரி போடலாமா என்ற கேள்விக்குப் பதில் எழுதி வைத்தது. 285ஆம் பிரிவு ஒன்றியத்தின் சொத்தை மாநில, உள்ளாட்சி வரிகளிலிருந்து காக்கிறது. 289ஆம் பிரிவு மாநிலத்தின் சொத்தையும் வருமானத்தையும் ஒன்றிய வரியிலிருந்து காக்கிறது. மூன்றாவது அரசான உள்ளாட்சிக்கு இத்தகைய கவசம் எதுவும் இல்லை. 1992இன் 73, 74ஆம் திருத்தங்கள் அதற்குத் தேர்தலையும் பொறுப்புகளையும் தந்தன, இதைத் தரவில்லை. இதன் விளைவு வேறெங்கும்விட சூளூர்பேட்டையில் தெளிவாகத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு வாசல் இந்த ஊர். விண்வெளித் துறையின் குடியிருப்புகள் இங்கே உண்டு. ஒன்றியத்தின் சொத்து என்பதால் அவற்றுக்குச் சொத்து வரி போட முடியாது. ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, அனுபவிக்கும் வசதிக்கேற்பச் சொத்து வரியில் 75, 50, அல்லது மூன்றில் ஒரு பங்கு சேவைக் கட்டணமாகக் கிடைக்கலாம். மேலேயுள்ள அரசின் வீட்டுக்கு ஊர் வரி போடக் கூடாது, ஊரின் குப்பை வண்டிக்கு மேலேயுள்ள அரசு வரி போடலாம் என்ற இந்த ஒருவழிப் பாதைதான் என் மனத்தை உறுத்துகிறது.

தொகை எவ்வளவு பெரிது? ஒரு கணக்குக்காக, வரிக்கு முந்தைய விலை லிட்டருக்கு 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆந்திர விகிதத்தில் மாநிலத்துக்குப் போவது 21 ரூபாய் 69 காசு. நாளுக்கு 10 லிட்டர் குடிக்கும் ஒரு டிராக்டர் ஆண்டுக்கு ஏறக்குறைய 79,000 ரூபாயை மாநிலத்துக்கு வரியாகக் கொடுக்கும். குப்பை டிராக்டர்கள், தண்ணீர் டேங்கர், சாக்கடை அடைப்பெடுக்கும் வண்டி, ஜேசிபி என்று சேர்த்தால் சிறு நகராட்சிக்கே லட்சங்களில் நிற்கும். மாநில பட்ஜெட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வார்டின் கால்வாய்க்கு அது பெரிய பணம். செஸ் ரூபாயின் கதை இன்னும் வருத்தமானது. 2020இல் வந்த அந்த ரூபாய் மாநிலச் சாலை வளர்ச்சிக் கழகத்துக்குப் போகிறது. தன் தெருக்களைத் தானே போட்டுக்கொள்ளும் நகராட்சி, மற்றவர் சாலைக்கும் லிட்டருக்கு ஒரு ரூபாய் கொடுக்கிறது. விலக்கு என்ற யோசனையே மாநிலத்துக்கு அந்நியம் என்றும் சொல்ல முடியாது. விமான எரிபொருளுக்கு ஆந்திரா வாங்குவது 1 சதவீதம். ரேணிகுண்டாவில் திருப்பதிப் பயணிகளை இறக்கிவிட்டு எரிபொருள் நிரப்பும் விமானத்துக்கு 1 சதவீதம், அதே மாவட்டத்தில் குப்பை அள்ளும் டிராக்டருக்கு 22.25 சதவீதமும் 5 ரூபாயும். கடலுக்குப் போகும் மீனவரின் படகு டீசலுக்கு லிட்டருக்கு 9 ரூபாய் மானியம் உண்டு; அது நியாயமானது, தொடர வேண்டியது. ஆந்திர நகரங்களில் 2021 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தூய்மைத் திட்டத்தோடு வீட்டுக்கு வீடு குப்பைக் கட்டணம் வந்தது. எதிர்ப்பு கிளம்பி, 2024இல் புதிய அரசு அதை நீக்குவதாக அறிவித்தது. குப்பை அள்ளும் செலவுக்குக் குடிமக்களிடம் கையேந்திய அந்த மூன்று ஆண்டுகளிலும் குப்பை வண்டியின் டீசல் மீதான மாநில வரி விகிதம் குறையவில்லை.

எதிர்வாதங்களில் கனமானது இது: மாநிலம் எப்படியும் உள்ளாட்சிக்கு மானியம் தருகிறது, ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதால் என்ன மாறும்? பணம் சமமாகத் திரும்பினால் எதுவும் மாறாது என்று ஒப்புக்கொள்கிறேன். அது சமமாகத் திரும்புவதில்லை. டீசல் வரி பங்க்கிலேயே, அன்றைக்கே போய்விடுகிறது. மானியம் நிபந்தனையோடும் தாமதத்தோடும் வருகிறது. 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டிருந்தது. அந்தக் குழுவின் பணம் மின்கட்டண பாக்கிக்கென்று தங்கள் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டதை எதிர்த்து ஆந்திர சர்பஞ்சுகள் தெருவுக்கு வந்தது சமீபத்திய சரித்திரம். தன் கையில் நிற்கிற ரூபாயும் பிறர் தயவில் வருகிற ரூபாயும் ஊராட்சித் தலைவருக்கு ஒன்றாகாது.

திருட்டு நடக்கும் என்பது அடுத்தது. வரியில்லா டீசல் பக்கத்து லாரிக்குப் போகும், மண்ணெண்ணெயில் நாம் பார்த்ததுதானே என்பார்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டும் கலப்படம் நிற்கவில்லை என்பது உண்மை. அதனால்தான் குறைந்த விலையில் டீசல் கொடுக்கும் முறையை நான் ஆதரிக்கவில்லை. பங்க்கில் எல்லோருக்கும் ஒரே விலை இருக்கட்டும். வண்டியின் லாக்புக்கும் பில்லும் தணிக்கையானபின், வண்டிக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள், வரியைத் திருப்பித் தரட்டும். திருடியவருக்கு மலிவு டீசல் கிடைக்காது. பொய்க் கணக்கு எழுதினால் தணிக்கையில் மாட்டுவார். தசபந்தத்தில் இல்லாத கண்காணிப்பு இங்கே காகிதத்திலேயே அமைந்துவிடுகிறது. அமெரிக்க ஒன்றிய அரசு மாநில, உள்ளாட்சி அரசுகளின் சொந்த உபயோகத்துக்கு எரிபொருள் வரி வாங்குவதில்லை. விலக்கு பெற்ற டீசலுக்குச் சிவப்புச் சாயம் போடுகிறது. ஃபுளோரிடா மாநிலம் நகரங்களுக்கு வரியின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, அதைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. நமக்குப் பொருந்துவது இரண்டாவது வழி.

இன்றைக்கு விட்டால் நாளைக்குப் போக்குவரத்துக் கழகமும் கேட்கும் என்ற பயத்துக்குப் பழைய தீர்ப்பொன்றில் பதில் இருக்கிறது. ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தன் வருமானம் மாநிலத்தின் வருமானம், ஆகவே வருமான வரி கிடையாது என்று வாதாடியபோது, கழகம் தனி அமைப்பு, அதன் வருமானம் மாநிலத்தினுடையதல்ல என்று 1964இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. டிக்கெட் விற்கிற பஸ்ஸையும் காசு வாங்காத குப்பை டிராக்டரையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமான காரியமல்ல. ஜி.எஸ்.டி.யிலேயே, உள்ளாட்சியின் அரசியல் சாசனக் கடமைகளுக்காகப் பொருள் எதுவும் சேராமல் வழங்கப்படும் சேவைகளுக்கு 2017 முதல் விலக்கு இருக்கிறது. துப்புரவுக்கு ஆள் அனுப்பினால் வரியில்லை, துப்புரவு வண்டிக்கு எண்ணெய் ஊற்றினால் வரி என்பதற்கு எந்தத் தத்துவமும் இல்லை, எண்ணெய் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கிற தற்செயல்தான் காரணம்.

நான் முழுசாகப் பதில் சொல்ல முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. பல ஊர்களில் குப்பையும் தண்ணீரும் இன்று கான்ட்ராக்டில் ஓடுகின்றன. வண்டி கான்ட்ராக்டருடையது, டீசலும் அவருடையது. விலக்கு அவரது லாபத்தில் கரைந்துவிடலாம். சொந்த வண்டி வைத்திருக்கும் ஊருக்குப் பலன், வாடகைக்கு எடுக்கும் ஊருக்கு ஒன்றுமில்லை என்றாகும். ஒப்பந்தத்தில் டீசல் செலவைத் தனி இனமாகக் காட்டச் சொல்லி, திருப்பித் தரும் தொகையை நகராட்சிக் கணக்கிலேயே சேர்த்தால் பாதி சிக்கல் தீரும். மீதியைத் தீர்க்க, மக்கள்தொகையும் தெருநீளமும் பார்த்து எரிபொருள் வரியில் ஒரு பங்கைச் சூத்திரப்படி ஊர்களுக்கு ஒதுக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் அது 1931இன் நஷ்டஈட்டை வளர்கிற பங்காகத் திருத்தி எழுதுவதாகவும் அமையும். ஆக்ட்ராய் போனபோது மகாராஷ்டிரம் 2017இல் தன் நகரங்களுக்குத் தனிச் சட்டம் போட்டே ஈடு கொடுத்தது. சாவடியை இழந்த தென்னாட்டு ஊர்களுக்குக் கிடைத்தது வளராத அந்தப் பழைய நஷ்டஈடுதான்.

இதைச் செய்ய டில்லியின் அனுமதி தேவையில்லை. பெட்ரோல், டீசல் விற்பனை வரி இன்றும் மாநிலப் பட்டியலின் 54ஆம் பதிவில் இருக்கிறது. வரியைப் போட்ட சட்டமன்றமே விலக்கையும் எழுதலாம். 279ஏ பிரிவின்படி ஜி.எஸ்.டி. கவுன்சில் ஒரு தேதியைக் குறித்துவிட்டால் இந்த அதிகாரம் அமராவதியிலிருக்கும் ஆந்திர அரசின் கையைவிட்டுப் போய்விடும், பிறகு சூளூர்பேட்டையின் டிராக்டருக்காக எல்லா மாநிலங்களும் கூடிப் பேச வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், செஸ் ரூபாயிலிருந்தாவது தொடங்கலாம். நகராட்சிகளும் ஊராட்சிகளும் கட்டிய அந்த ஒரு ரூபாயை அவற்றின் சாலைக் கணக்குக்கே திருப்ப ஓர் ஆண்டின் பட்ஜெட் போதும்.